வழுவும் வழாநிலையும்: அலகுச் சோதனை வளர்ந்த வரலாறு

மாத்தளை நகரினின்றும் வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், அலுவிகாரையைக் கடந்து சென்றால் பலாபத்வல என்னும் ஊரை அடையலாம். மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் மாத்தளை மாவட்டத்தின் ஊர்களுள் இதுவும் ஒன்று. இவ்வூரின் பெயரைத் தமிழில் எழுதி, இதில் எத்துணை எழுத்துக்கள் உள என்று கீழ்வகுப்பு மாணவன் ஒருவனை வினவினால், ப, லா, ப, த், வ, ல என விரல்விட்டெண்ணி ஆறு என்பான். அதே பெயரை, அன்ட்ரொயிட் வகைக் கைத்தொலைபேசிக்குச் செயலி ஆக்குவதற்குப் பெரிதும் பயன்பட்ட ஜாவா மொழியிடம் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால், எட்டு என்று விடை வரும். ஐபோனுக்குரிய சுவிப்ற் மொழியோ ஆறு என்னும். சொல் ஒன்று, எழுத்துக்களும் அவையே, பொறிகள் இரண்டு கூறும் விடைகளோ வேறு வேறு.

இஃது ஒரு வேடிக்கை போலத் தோன்றலாம். ஆயின், பெயர் எழுதும் கட்டத்தில் ஐந்து இடமே உண்டு என்று செய்நிரல் ஒன்று விதித்திருக்குமாயின், கண்ணன் என்பான் தன் பெயரை எழுதும்போது இறுதிப் புள்ளி வெட்டுண்டு 'கண்ணன' என நிற்கும். நான்கெழுத்துப் பெயர் ஐந்திடத்துள் அடங்காது போனது யாது காரணத்தால்? அச் செய்நிரலை எழுதியவர் ஆங்கிலப் பெயர்களை இட்டுப் பார்த்தார்; அவை சரியாக வந்தன; அமைந்தார். தமிழ்ப் பெயரொன்றை இட்டுப் பார்க்க அவர் எண்ணவில்லை. இவ்வாறு எண்ணப்படாதவற்றை முன்னரே எண்ணி, எழுதி வைத்து, மீண்டும் மீண்டும் பொறியைக் கொண்டே வினவச் செய்யும் முறைக்கு அலகுச் சோதனை என்பது பெயர். அது தோன்றி வளர்ந்த வரலாற்றையும், கைத்தொலைபேசிச் செயலி ஆக்கப் புகும் தொடக்க நிலை மாணவன் அதனைக் கற்கும் நெறியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பெயரும் பொருளும்

வழு என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் சொற்கள் வழுவாமற் காக்கும் நெறியை விரித்துரைக்கின்றது. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழும் என வகுத்தார். வழு யாது, வழாநிலை யாது, வழுவாயினும் ஏற்கத்தக்க வழுவமைதி யாது என மூவகையாற் பிரித்துணர்வது நம் இலக்கண மரபு. இலங்கையின் தமிழ்க் கணினிப் பாடநூல்களும் செய்நிரலில் நேரும் பிழையை வழு என்றே வழங்குகின்றன. பொருத்தமான சொல்லாட்சி இது. எவ்விடத்து வழு நிகழக்கூடும் என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளாதார் அதனைக் காணமாட்டார் என்பது இலக்கணத்துக்கும் செய்நிரலுக்கும் பொதுவாகிய உண்மை.

அலகு என்பது செய்நிரலின் மிகச் சிறிய, தனித்துப் பிரித்தெடுக்கக்கூடிய பகுதி. பெரும்பாலும் அது ஒரு சார்பாக இருக்கும். அதற்குச் சில உள்ளீடுகளைக் கொடுத்து, வரவேண்டிய விடையையும் முன்கூட்டியே எழுதி, இரண்டும் ஒத்தனவா என்று பொறியே பார்க்குமாறு அமைக்கப்படும் மற்றொரு சிறு செய்நிரலே அலகுச் சோதனை. மனிதர் செயலியைத் திறந்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது இதனின் வேறு. அங்ஙனம் பார்த்தது அன்றைக்கே முடிந்துபோம். எழுதிவைத்த சோதனையோ நிலைத்து நின்று, செய்நிரலில் ஒரு வரி மாறினும் முன்கேட்ட வினாக்களை எல்லாம் மீளக் கேட்கும்.

அலுவிகாரை தரும் ஓர் ஒப்புமை

பலாபத்வலைக்குத் தெற்கே அண்மையிலுள்ள அலுவிகாரை, பிழை காத்தலின் வரலாற்றில் ஓரிடம் பெற்றது. வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகப் போற்றப்பட்டுவந்த பௌத்த திரிபிடகம் இங்கே எழுத்தில் வடிக்கப்பட்டது என்பது மரபு. அதற்கு முன்னர் அப்பெருநூற் றொகுதியைக் காத்தவர் பாணகர் எனப்பட்ட ஓதுவோர் ஆவர். ஒருவரே அனைத்தையும் காப்பது அரிதாதலின், ஒவ்வொரு நிகாயத்துக்கும் தனித்தனிக் குழுவினர் பொறுப்பேற்றனர். குழுவாகக் கூடி ஓதும்போது ஒருவர் பிழைத்தால் மற்றையோர் குரலோடு மாறுபட்டு அப்பிழை உடனே வெளிப்படும்.

பெரியதைச் சிறு கூறுகளாகப் பகுத்தல், ஒவ்வொரு கூற்றையும் தனித்துப் பேணல், மீண்டும் மீண்டும் ஓதிப் பிழை காணல் என்னும் இம்மூன்றும் அலகுச் சோதனைக்கும் அடிப்படையாவன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாணகர் காத்தது மாறாதிருக்க வேண்டிய நூல். செய்நிரலாளர் காப்பதோ நாடோறும் மாறிக்கொண்டேயிருக்கும் நூல். மாறாத நூலுக்கு மூலத்தோடு ஒப்புநோக்குதல் போதும். மாறும் நூலுக்கு, எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

முதற் பொறிகளின் காலம்

மின்னணுக் கணினிகள் தோன்றிய நாள் முதலே வழுவும் உடன் தோன்றியது. 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க்-2 பொறியில் அகப்பட்டு மடிந்த விட்டிற்பூச்சி ஒன்றைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்த செய்தி பலரும் அறிந்தது. ஆயின் அஃது உறுப்பிலே நேர்ந்த கேடு, செய்நிரலின் வழுவன்று. செய்நிரலின் வழுவை ஆழ்ந்துணர்ந்தவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து மோரிஸ் வில்க்ஸ் ஆவார். அவர் அமைத்த எட்சாக் என்னும் பொறி 1949 மே 6 ஆந் திகதி முதன்முதல் இயங்கியது. சில கிழமைகளுள், தம் எஞ்சிய வாழ்நாளில் நல்லதொரு பகுதி தாமெழுதிய செய்நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்ற உணர்வு தமக்குத் தோன்றியதாக அவர் பிற்காலத்தில் தம் நினைவுநூலில் எழுதினார்.

அதே ஆண்டு ஜூன் 24 ஆந் திகதி கேம்பிறிட்ஜில் நிகழ்ந்த மாநாட்டில் அலன் ரியூரிங் சிறு கட்டுரை ஒன்று படித்தார். பெரிய செய்நிரலொன்றைச் சரிபார்ப்பது எங்ஙனம் என்பது அதன் பொருள். கூட்டற் கணக்கொன்றை அவர் உவமை காட்டினார். அவ்வுவமையை வேறோர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 347, 586, 729 என்னும் மூன்றையும் கூட்டி 1662 என்று விடையை மட்டும் எழுதினால், சரிபார்ப்பவர் கணக்கை முழுவதும் மீளச் செய்தல் வேண்டும். ஒன்றாம் இடத்தின் கூட்டுத்தொகை 22, பத்தாம் இடத்தின் தொகை 14, நூறாம் இடத்தின் தொகை 15 என இடந்தோறும் எழுதி வைத்தால், ஒவ்வோர் இடத்தையும் தனித்துச் சரிபார்க்கலாம். மூவர் மூன்றிடத்தைப் பங்கிட்டும் பார்க்கலாம். பிழை இருப்பின் அஃது எவ்விடத்தது என்பதும் உடனே தெரியும். செய்நிரலின் பகுதிதோறும் இவ்வாறு உறுதிமொழிகளை எழுதிவைத்தல் வேண்டும் என்பதே ரியூரிங்கின் கருத்து. இன்றைய அலகுச் சோதனையின் கருவை இங்கே காணலாம்.

கேம்பிறிட்ஜ் அறிஞர் மற்றுமொரு நற்செயல் செய்தனர். அடிக்கடி வேண்டப்படும் கணிப்புகளைச் சிறு துணைச்செய்நிரல்களாக எழுதி, ஒரு நூலகமாகத் தொகுத்தனர். 1951 இல் வில்க்ஸ், வீலர், கில் என்னும் மூவரும் இம்முறையை விளக்கி நூலொன்று வெளியிட்டனர். துணைச்செய்நிரல் என்னும் எண்ணம் தோன்றாதிருந்தால் அலகு என்பதே தோன்றியிராது. பிரிக்கப்படாத ஒன்றைப் பகுதிபகுதியாகச் சோதிப்பது இயலாதன்றோ?

சோதனை என்னும் துறை

செய்நிரல்கள் பெருகப் பெருக வழுக்களும் பெருகின. 1968 இல் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவிற் கூடிய மாநாட்டில், மென்பொருட் பொறியியல் என்னுந் தொடர் தலைப்பாக வைத்து ஆராயப்பட்டது. மென்பொருள் காலத்தில் முடிவதில்லை, நம்பத்தக்கதாயும் அமைவதில்லை என்ற கவலை அங்கே வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு றோமில் நிகழ்ந்த மாநாட்டில், ஒல்லாந்த அறிஞர் டைக்ஸ்ரா, சோதனையானது வழு உண்டு என்பதைக் காட்டுமேயன்றி இல்லை என்பதை நிறுவாது என்று எச்சரித்தார். இவ்வெச்சரிக்கை இன்றும் பழுதுபடாதது.

1979 இல் கிளென்போட் மையர்ஸ் எழுதிய மென்பொருட் சோதனைக் கலை பற்றிய நூல், சோதனையின் நோக்கத்தையே திருத்தி அமைத்தது. செய்நிரல் சரியென்று காட்டுவதற்காகச் சோதிப்பவர், தம்மை அறியாமலே, சரியாக வரக்கூடிய உள்ளீடுகளையே தேர்வர். ஆதலின் பிழை காண்பதையே நோக்கமாகக் கொண்டு சோதித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

சோதனையின் அருமையைத் துயர நிகழ்ச்சிகளும் உணர்த்தின. 1985 முதல் 1987 வரை வட அமெரிக்காவில் தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி நோயாளர் அறுவருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது; உயிரிழப்பும் நேர்ந்தது. 1996 ஜூன் 4 ஆந் திகதி ஏவப்பட்ட ஐரோப்பிய ஏரியான்-5 ஏவுகலம் ஏறத்தாழ 40 வினாடியுள் அழிந்தது. அதன் காரணம் ஈண்டு நோக்கற்பாலது. முந்திய ஏரியான்-4 கலத்தில் பழுதின்றி இயங்கிய செய்நிரற் பகுதி, புதிய கலத்துக்கும் அப்படியே கொண்டுவரப்பட்டது. புதிய கலம் விரைவு மிக்கது. அதனால் ஓர் எண் பழைய எல்லையைக் கடந்து, 16 இருமக் கூற்றில் அடங்கும் மிகப் பெரிய எண்ணாகிய 32,767 இனும் மிகுந்தது. புதிய கலத்தின் பாதைக்குரிய எண்களை இட்டு அப்பகுதியைத் தரையிலேயே சோதித்திருப்பின் வழு வெளிப்பட்டிருக்கும் என விசாரணைக் குழு கண்டது. பழைய இடத்திற் சரியானது புதிய இடத்திலும் சரியாகும் என்று நம்பியதே கேட்டுக்கு வித்து. ஆங்கிலப் பெயருக்குச் சரியாய் இருந்த கட்டம் தமிழ்ப் பெயரை வெட்டுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கென்ற் பெக்கும் ஜேயூனிற்றும்

சோதித்தல் வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்பினர். ஆயினும் எழுதுவோர் தாமே நாடோறும் செய்யக்கூடிய எளிய கருவி இல்லாதிருந்தது. இக்குறையை நிரப்பியவர் அமெரிக்கராகிய கென்ற் பெக். ஸ்மோல்ரோக் என்னும் மொழியிற் சோதனை எழுதும் எளிய அமைப்பை அவர் வகுத்து, 1994 இற் கட்டுரையாக வெளியிட்டார். அதுவே எஸ்யூனிற் எனப் பெயர் பெற்றது. 1997 இல், சூரிச் நகரிலிருந்து அற்லான்ராவுக்குச் சென்ற விமானப் பயணத்தில், பெக்கும் எறிக் காமாவும் அருகிருந்து அதனை ஜாவா மொழிக்கு ஏற்ப மாற்றி எழுதினர். ஜேயூனிற் பிறந்தது இவ்வாறே.

அக்கருவியின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. சோதனை எழுதுவதற்கு வேற்று மொழி கற்க வேண்டுவதில்லை. செய்நிரல் எழுதும் மொழியே போதும். நூறு சோதனைகளைச் சில வினாடிகளில் இயக்கலாம். அனைத்தும் நிறைவேறின் பச்சை நிறமும், ஒன்று தவறினும் சிவப்பு நிறமும் தோன்றும். எச்சோதனை தவறியது, எதிர்பார்த்தது யாது, வந்தது யாது என்பனவும் உடன் தெரிவிக்கப்படும். இதனைப் பின்பற்றிப் பல மொழிகளிலும் இவ்வினக் கருவிகள் எழுந்தன. 2002 இல் வெளிவந்த நூலொன்றில் பெக், சோதனையை முன்னரும் செய்நிரலைப் பின்னரும் எழுதும் முறையை விளக்கினார். முதலிற் சோதனை எழுதுக. அது தவறுவதைக் காண்க. பின்னர் அது நிறைவேறும் அளவுக்குச் செய்நிரல் எழுதுக. அதன்பின் செய்நிரலைச் செப்பஞ் செய்க என்பது அதன் சுருக்கம். முதலில் தவறுவதைக் காணல் வேண்டும் என்பதில் நுட்பம் உண்டு. ஒருபோதும் தவறாத சோதனை, வழுவைக் காணும் ஆற்றலே இல்லாத சோதனையாயும் இருக்கலாம்.

கைத்தொலைபேசியின் வருகை

1989 இற் செல்ரெல் நிறுவனம் இலங்கையில் தொடங்கிய செல்லிடத் தொலைபேசிச் சேவை தெற்காசியாவிலேயே முதலாவது ஆகும். ஆயினும் அக்காலத் தொலைபேசி பேசுவதற்கு மட்டுமே உரியது. 2007 இல் ஐபோனும், 2008 இல் அன்ட்ரொயிட் தொலைபேசியும் வந்தபின், கையிலுள்ள பொறியே கணினியாயிற்று. 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் 500 செயலிகளோடு தன் செயலிக் கடையைத் திறந்தது. எவரும் செயலி ஆக்கலாம், எவரும் அதனை இறக்கிக்கொள்ளலாம் என்ற நிலை உண்டாயிற்று.

சோதனைக்கு இச்சூழல் புதிய இடர்களைத் தந்தது. கைத்தொலைபேசிகள் திரையளவாலும் இயங்குதளப் பதிப்பாலும் வேறுபடுவன. செயலி இயங்கும்போதே அழைப்பு வரும், வலைத்தொடர்பு அறும், மின்கலம் தீரும். செய்நிரல் எழுதப்படுவது மேசைக் கணினியில்; இயங்குவதோ வேறு பொறியில். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் செயலி முழுவதையும் தொலைபேசியில் ஏற்றிப் பார்ப்பதாயின் நாள் வீணாகும். ஆதலின் அறிஞர் சோதனைகளைப் படிநிலைப்படுத்தினர். மைக் கோன் என்பார் 2009 இல் வெளியிட்ட நூலில் இதனைக் கூம்பு வடிவாகக் காட்டினார். அடித்தளத்தில் விரைந்தியங்கும் அலகுச் சோதனைகள் மிகப் பல; இடையில் பகுதிகள் ஒன்றோடொன்று இயைவதைப் பார்க்கும் சோதனைகள் சில; உச்சியில், திரையைத் தொடுவது போல இயங்கும் முழுச் சோதனைகள் மிகச் சில. அன்ட்ரொயிட்டில் ஜேயூனிற் அடித்தளத்துக்கும், 2013 இற் கூகிள் வெளியிட்ட எஸ்பிரெசோ உச்சிக்கும் உரியன. அதே 2013 இல் ஆப்பிள் நிறுவனம் எக்ஸ்சிரெஸ்ற் என்னும் கருவியைத் தந்தது.

தொடக்க மாணவன் கற்கும் நெறி

இனி, இக்கலையிற் புகும் மாணவன் எங்குத் தொடங்குதல் வேண்டும் என்பதை நோக்குவோம். பலாபத்வலை மாணவன் ஒருவன் மிளகு கொள்முதற் கணக்குச் செயலி ஒன்றை ஆக்குகின்றான் என்று வைத்துக்கொள்வோம். நிறையும் கிலோவின் விலையும் கொடுத்தால் தொகையைக் காட்டல் வேண்டும். புதியவர் செய்யும் முதற்பிழை, இக்கணிப்பைத் திரையின் பொத்தானுக்குள்ளேயே எழுதிவிடுவது. அவ்வாறு எழுதினால் பொத்தானைத் தொடாமற் கணிப்பைச் சோதிக்க இயலாது. ஆகவே கணிப்பைத் திரையினின்றும் பிரித்துத் தனிச் சார்பாக எழுதுதல் முதற் பாடம். சோதனை எழுதுவது கடினமாய் இருப்பின், குற்றம் பெரும்பாலும் சோதனையிலன்று, செய்நிரலின் அமைப்பிலே உள்ளது என்பதை மாணவன் இங்கேயே உணர்வான்.

அடுத்து, ஒவ்வொரு சோதனையும் மூன்று படிகளையுடையது: வேண்டுவன அமைத்தல், சார்பை இயக்குதல், விடையை உறுதிப்படுத்தல். இரண்டரைக் கிலோ, கிலோவின் விலை 1,200 ரூபாய் என அமைத்து, சார்பை இயக்கி, 3,000 ரூபாய் வந்ததா என்று பார்ப்பது முதற் சோதனை. இதனோடு நிறைவுறுவோர் பலர். ஆயின் வழு எல்லைகளிலே குடியிருப்பது. நிறை சுழியமாயின் யாது வரும்? தவறுதலாக மறை எண் இடப்பட்டால் தொகை காட்டுவதா, மறுப்பதா? கட்டம் வெறுமையாய் விடப்பட்டால்? இவ்வினாக்கள் எழுந்தவுடன், செய்நிரல் யாது செய்தல் வேண்டும் என்பதை மாணவன் தானே தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். சோதனை எழுதுதல் சிந்தித்தற்குரிய ஒழுங்காவது இங்ஙனமே.

மற்றொரு பாடம் எண்களைப் பற்றியது. 0.1 உடன் 0.2 ஐக் கூட்டி 0.3 வருகின்றதா என்று சோதனை எழுதின், பெரும்பாலான மொழிகளில் அது தவறும், 0.30000000000000004 என வரும். இரும எண்முறையில் இப்பின்னங்கள் முழுமையாக அடங்காமையே காரணம். வணிகரின் பணத்தை இவ்வாறான எண்களிற் சேர்த்து வைத்தால் சதக்கணக்கு ஒருநாட் பிழைக்கும். ஆதலின் பணத்தைச் சதங்களாக மாற்றி முழுவெண்ணாகவே வைத்தல் வேண்டும். நூலிற் படித்து மறக்கும் இச்செய்தியைத் தவறிய சோதனையொன்று மறவாதபடி கற்பிக்கும்.

செயலி வலையினின்றும் அன்றைய விலையைப் பெறுவதாயின் யாது செய்வது? விலை நாடோறும் மாறும், தொடர்பும் அறும். சோதனை அதனைச் சார்ந்திருப்பின், செய்நிரல் சரியாயிருந்தும் சோதனை தவறும். இதற்கு, விலை தரும் பகுதிக்குப் பதிலாக, எப்போதும் 1,200 என்றே விடை தரும் பதிலியொன்றைச் சோதனைக்காக அமைப்பர். நாடக ஒத்திகையில் வராத நடிகருக்குப் பதிலாக ஒருவர் நின்று வசனம் படிப்பதைப் போன்றது இது. ஆயினும் ஒத்திகை அரங்கேற்றமாகாதாதலின், உண்மையான தொடர்பைப் பார்க்கும் சோதனைகள் சிலவும் வேண்டும்.

ஒரு வழு கண்டுபிடிக்கப்பட்டால் உடனே அதனைத் திருத்த முனைவது மனித இயல்பு. தேர்ந்தோர் அவ்வாறு செய்யார். அவ்வழுவைக் காட்டும் சோதனையை முதலில் எழுதி, அது சிவப்பாவதைக் கண்ட பின்னரே திருத்துவர். அதனால் அதே வழு மீண்டும் நுழையாது. ஆண்டுகள் சென்று, எழுதியவர் வேறிடஞ் சென்றபின் வருவோர்க்கும் அச்சோதனைகள், இங்கே முன்னோர் இடறினர் என்று சுட்டும் வழிகாட்டியாக நிற்கும்.

தமிழ் எழுத்துக்குரிய சோதனைகள்

இனித் தொடக்கத்திற் கூறிய ஆறும் எட்டும் எவ்வாறு வந்தன என்பதை விளக்குதல் வேண்டும். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது. ஆங்கே உயிர்க்கும் அகரமேறிய மெய்க்கும் தனிக்குறி உண்டு; ஆ, இ முதலிய உயிர்களின் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறிகளே. ஆகவே லா என்பது லகரமும் காலும் ஆகிய இரு குறி. த் என்பது தகரமும் புள்ளியும் ஆகிய இரு குறி. இவ்வாறு பலாபத்வல எட்டுக் குறியாகின்றது. ஜாவா குறிகளை எண்ணுகின்றது. 2014 இற் பிறந்த சுவிப்ற், கண்ணுக்கு ஓரெழுத்தாய்த் தோன்றும் கூட்டத்தை எண்ணுகின்றது. இரண்டும் தத்தம் விதிப்படி வழுவற்றன. எது வேண்டும் என்று தீர்மானியாது விட்ட செயலியே வழுவுடையது.

கொழும்பு என்னும் பெயரில் மற்றொரு நுட்பம் உள்ளது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பும் காலுமாகிய இரு குறியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயின் முன்னது எட்டுக் குறி, பின்னது ஒன்பது. ஒருவர் ஒருமுறையிற் பதிந்த பெயரை மற்றொருவர் மறுமுறையில் தேடினால், ஒப்புநோக்குமுன் ஒருநிலைப்படுத்தாத செயலி, அப்படி ஒரு பெயரே இல்லை என்னும். லக்ஷ்மி என்பதை மரபுவழி எண்ணினால் மூன்றெழுத்து. சுவிப்ற்றும் அங்கே நான்கு என்றே கூறும். தமிழருக்காகச் செயலி ஆக்குவோர் தம் சோதனைத் தொகுதியில் இத்தகைய பெயர்களைச் சேர்த்தல் இன்றியமையாதது. பதிவேட்டிலும் மருத்துவச் சீட்டிலும் பரீட்சை அனுமதி அட்டையிலும் ஒருவன் பெயர் சிதைந்து நின்றால், அதனால் அலைபவன் அவனேயாதலின், இது சிறு குறையன்று.

இத்துறையில் முன்சென்றோர் உளர். முத்தையா அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தோரும் பைதன் மொழியில் ஆக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நூலகம், தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் சார்புகளை உடையது. அச்சார்புகளுக்குரிய சோதனைகளும் நூலகத்துடனேயே வெளியிடப்பட்டுள்ளன. அவற்றைப் படிப்பது மாணவனுக்கு நல்லதொரு பயிற்சி. எழுதிய சோதனைகளைப் படிக்கும்போது, எழுதியவர் எவ்வெவ்விடத்து ஐயுற்றார் என்பது புலனாகும்.

இலங்கையின் பங்கு

இலங்கையர் இக்கலைக்கு அயலாரல்லர். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல்கோள் நேர்ந்தபோது, லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்தோரும் பிற தொண்டரும் கூடிச் சகானா என்னும் இடர்முகாமை மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவதற்கு அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது. அத்தகைய மென்பொருளில் ஒரு பெயர் தேடுவாருக்கு அகப்படாது போதல் என்பது எத்துணைத் துயரமானது என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2005 இற் கூகிள் நிறுவனம் தொடங்கிய கோடைகாலச் செய்நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுக் கணக்கில், உலகப் பல்கலைக்கழகங்களுள் மிகுதியான மாணவரைத் தந்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகும். இத்தகைய கட்டற்ற மென்பொருட் திட்டங்கள் பலவற்றில், சோதனையின்றி வரும் திருத்தம் எளிதில் ஏற்கப்படுவதில்லை. வயதும் ஊரும் பட்டமும் அங்கே கேட்கப்படா. சோதனை நிறைவேறிற்றா என்பதே முதல் வினா. சிற்றூர் மாணவனுக்கு இது பெருவாயில்.

முடிவுரை

அலகுச் சோதனை எல்லா வழுவையும் நீக்கும் என்று கொள்ளல் தகாது. டைக்ஸ்ரா கூறியவாறு, அது காணாத வழு இன்மையை நிறுவாது. எழுதுவோர் எண்ணாததைச் சோதனையும் எண்ணாது. பயனற்ற சோதனைகளைப் பெருக்கி எண்ணிக்கை காட்டுவாரும் உளர். ஆயினும், மனிதர் மறப்பர் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற காவல் அமைப்பது அறிவுடைமையே. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவர் போன்ற பிறரும், ஒரேட்டை மட்டும் நம்பாது பல ஏடுகளை வைத்துப் பாடந் தேர்ந்தனர். தம் கண்ணையே முற்றும் நம்பாத அப்பணிவே அவர்தம் பதிப்புகளுக்கு மதிப்பைத் தந்தது.

நம் கல்லூரிகளிற் கணினி பயிலும் மாணவர், செய்நிரல் ஒருமுறை ஓடியதும் பாடம் முடிந்ததென எண்ணுதல் இயல்பு. ஆசிரியர், விடையைக் காட்டுக என்று கேட்பதோடு அமையாது, சோதனையையும் காட்டுக என்று கேட்பாராயின் அவ்வழக்கம் மாறும். முதற் சோதனை பெரிதாயிருக்க வேண்டுவதில்லை. தன் ஊரின் பெயரை இட்டு, எழுத்து ஆறு என்று எழுதி, பொறி எட்டு என்று சிவப்புக் காட்டுவதைக் காணும் மாணவன், அது ஏன் என்று கேட்கத் தொடங்குவான். அவ்வினாவுக்கு விடை காண்பதற்குள் அவன் ஒருங்குறியையும் எழுத்திலக்கணத்தையும் செய்நிரலின் அமைப்பையும் கற்றிருப்பான். அதன்பின் அவன் ஆக்கும் செயலியிற் கண்ணன் என்பவன் தன் பெயரைப் புள்ளியோடு எழுதுவான்.